தனிநாயகம் அடிகளாரின் ஆங்கிலம்

1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் என்ன நடந்தது என்று கேட்டால், தமிழ் படிக்கிற எந்த மாணவரும் தயங்காமல் பதில் சொல்வார்: முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு. நடத்தியவர் யார் என்றால் தனிநாயகம் அடிகளார். தேர்வுக்கு அது போதும். ஆனால் அதே ஆண்டில், அதே மனிதரின் முயற்சியால், நம் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை ஓர் அகராதியையும் வெளியிட்டது. தமிழ்ச் சொல்லுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் பொருள் கூறும் அகராதி அது. 1679-இல் அச்சான பழைய நூலின் நிழற்படப் பதிப்பு. அன்று பந்தாய் பள்ளத்தாக்கில் இருந்த நம் வளாகத்தில் போர்த்துக்கீசியம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். பிறகு யாருக்காக அந்த அகராதி?

இந்தக் கேள்விதான் என்னை அடிகளாரின் வாழ்க்கை பக்கம் இழுத்தது. நான் தமிழில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆங்கில ஆசிரியன். கிள்ளானில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மாலையில் பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் வகுப்பு. அங்கேயும் அதே ஆங்கிலம்தான். பேரவையின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லித் தம்பிமார்கள் கேட்டபோது, தமிழ்த் தொண்டர் ஒருவரைப் பற்றி ஆங்கில ஆசிரியன் எழுதலாமா என்று முதலில் தோன்றியது. அடிகளாரைப் பொறுத்தவரை எழுதலாம் என்றே பிறகு முடிவு செய்தேன். மாநாடு, மன்றம், சிலை என்று அவரைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். அவர் எப்படி மொழிகளைக் கற்றார், கற்ற ஆங்கிலத்தை வைத்து என்ன செய்தார் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். திருமுழுக்குப் பெயர் சேவியர். முதலில் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. பின்னது அக்காலத்தில் அயர்லாந்துக் குருமார்கள் நடத்திய பள்ளி. பாடமெல்லாம் ஆங்கிலம். வீட்டில் பேசியது தமிழ். புத்தகத்தில் படித்தது ஆங்கிலம். அந்தத் தலைமுறை யாழ்ப்பாணத்துப் படித்த பிள்ளைகளில் பலரின் கதை இதுவே. சங்க இலக்கியம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இவ்வளவு ஆங்கிலம் எப்படி வந்தது? அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அதன் பிறகு கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், அவர்களுக்குப் போட்டியாகச் சைவர்கள் என்று எல்லோரும் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். 1862-இல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் பெரிய தமிழ் - ஆங்கில அகராதிக்கும் அடித்தளம் போட்டது யாழ்ப்பாணத்து மிஷனரிகளின் உழைப்பே. நிலம் வறண்டது, நெல் போதாது. பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பித்து உத்தியோகத்துக்கு அனுப்புவதே குடும்பத்துக்கு வழி. அந்த உத்தியோகங்களில் பெரும்பங்கு எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? இங்கே, மலாயாவில்!

இரயில்வே, தபால், கருவூலம், நில அளவை என்று வெள்ளையர் அரசாங்க அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தார் எழுத்தர்களாக வந்து அமர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவர்கள் குடியேறியதும், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் எழுந்ததும் அப்படித்தான். தோட்டங்களில் அவர்களும் மலையாளிகளும் கிராணிகளாக இருந்தார்கள். என் பாட்டனார் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார், புத்தகத்தில் குறிப்பார். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருந்தது ஆங்கிலம் என்னும் கதவு. சாவி கிராணியின் சட்டைப்பையில். துரையிடம் ஆங்கிலத்தில் என்ன சொன்னார் என்பது லயத்தில் யாருக்கும் தெரியாது. இருவரும் தமிழரே, ஆனாலும் பெண் கொடுப்பது எடுப்பது கிடையாது. நம் மக்களில் ஒரு சாரார் இன்றும் ஆங்கிலத்தைப் பார்த்துக் கொஞ்சம் அஞ்சுவதற்கும், கொஞ்சம் முறைப்பதற்கும் வேர் அந்தப் பெரட்டுக்களத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். மேடையில் ஆங்கிலத்தைத் திட்டினால் கைதட்டல் வருகிறதே, அதைச் சொல்கிறேன்.

அடிகளார் அந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்த ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் அதைக் கொண்டு என்ன செய்தார் என்பது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குருவாக வேண்டும் என்று 1931-இல் கொழும்பு குருமடத்தில் சேர்ந்தார். 1934-இல் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாடம் லத்தீனில், தெருவில் இத்தாலியன், உடன் படிப்பவர்கள் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பல அவருக்கு வசமாயின; பிற்காலத்தில் எந்த நாட்டு நூலகத்திலும் துணையின்றி நுழைந்து வெளியே வர அவை உதவின. இந்த வேடிக்கையைக் கவனியுங்கள்: இருபத்தைந்து வயதில் அவருக்கு வர்ஜிலைத் தெரியும், தாந்தேயைத் தெரியும். கபிலரைத் தெரியாது.

1940-இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். அங்கேதான் திருப்பம். சுற்றிலும் இருப்பவர்கள் தமிழிலேயே வாழ்பவர்கள். குருவானவருக்கோ தமிழில் சரளமாகப் பிரசங்கம் வைக்க வரவில்லை. தமிழர் ஒருவருக்குத் தமிழ் தெரியவில்லை என்பது வெளியில் சொல்லக் கூச்சமான சங்கதி. பெரும்பாலோர் அதை மறைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் சிலரே அப்படி ஓட்டியவர்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. அதே ஊரில் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். முனைவர் பட்டம் வாங்கிய கத்தோலிக்கக் குரு ஒருவர், இருபத்தேழு வயதில், ஐயர் ஒருவரிடம் நன்னூலும் தொல்காப்பியமும் பாடம் கேட்கிறார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இப்படி ஓடின.

பெயரையும் மாற்றிக்கொண்டார். முன்னோர் ஒருவரின் பெயரான தனிநாயகம் என்பதைத் தம் பெயராக்கிக்கொண்டார். சேவியர் தனிநாயகம் ஆனது அப்படித்தான்.

வயது வந்த பிறகு ஒரு மொழியைக் கற்பவனுக்கு ஒரு சாதகம் உண்டு. குழந்தை இலக்கணத்தை அறியாமலே பேசிவிடுகிறது. பெரியவன் ஒவ்வொரு அசையையும் தடவிப் பார்த்துத்தான் நகர முடியும். ஏன் இப்படி, ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நாம் என்பதும் நாங்கள் என்பதும் வேறு என்று தமிழ்க் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழைப் பார்ப்பவனுக்கு அது ஆச்சரியம், ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மலாய்க்காரருக்கு அது ஆச்சரியம் இல்லை. அவர்களிடமும் கித்தா வேறு, காமி வேறு. அடிகளாரின் எழுத்து முழுவதிலும் இந்தப் புதிதாகப் பார்க்கிற கண் இருக்கிறது. தமிழைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள் கவனிக்காமல் கடந்துபோனவற்றில் அவருடைய கண் நின்றுவிடுகிறது.

1945-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், பிறகு எம்.லிட். பட்டமும் பெற்றார். ஆய்வுப்பொருள், சங்கப் பாடல்களில் இயற்கை. எழுதியது ஆங்கிலத்தில். 1953-இல் அது நூலாக வந்தபோது தலைப்பில் இயற்கை என்று பொருள்படும் நேச்சர் என்ற சொல் இருந்தது. 1966-இல் மறுபதிப்பு வந்தபோது தலைப்பு மாறிவிட்டது. லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி என்று வந்தது.

ஆங்கில ஆசிரியன் என்ற முறையில் இந்த ஒரு சொல் மாற்றத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நேச்சர் பெரிய சொல். மரம், மலை, மழை, மிருகம், மனித சுபாவம் எல்லாம் அதில் அடங்கும். அதைக் கேட்டவுடன் ஆங்கில வாசகருக்கு வேர்ட்ஸ்வொர்த் நினைவுக்கு வருவார். மலையடிவாரத்தில் தனியாக நின்று இயற்கையை வியக்கும் கவிஞர். சங்கக் கவிஞன் அப்படி நிற்பவன் அல்லன். குறிஞ்சி என்றால் மலை மட்டுமா? தலைவனும் தலைவியும் கூடுவதும் அதில் இருக்கிறது. நெய்தலில் கடலோடு இரங்கலும் சேர்ந்தே வருகிறது. லேண்ட்ஸ்கேப் என்பது டச்சு ஓவியர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். ஒருவர் பார்க்கிறார், சட்டமிடுகிறார், வரைகிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிலம் அங்கே மனிதக் கண்ணின் வழியாக வருகிறது. திணை என்பதற்கு அது முழுச் சமம் ஆகாது. ஆனால் நேச்சரைவிடப் பல படி கிட்டே நிற்கிறது. அடிகளார் இந்தக் காரணத்துக்காகத்தான் மாற்றினாரா என்பதைவிட, சரியான சொல்லைத் தேடுவது எப்படி என்று என் மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை என்பதே எனக்குப் பெரிது.

அந்த நூலில் கிரேக்க, லத்தீன் கவிஞர்களோடு சங்கக் கவிஞர்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார். தியாக்ரிட்டஸின் ஆயர்களும் முல்லை நில ஆயர்களும் ஒரே பக்கத்தில் சந்திக்கிறார்கள். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஐரோப்பிய வாசகருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கித் தெரியாத இடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போகிறார். ஈடு இல்லாத சொற்களை அப்படியே தமிழில் வைத்துவிட்டு விளக்கம் தருகிறார். வாக்கியங்கள் தெளிவானவை. தமிழே உலகின் மூத்த மொழி என்று மேசையைத் தட்டும் வேலையை அவர் ஆங்கிலத்தில் செய்யவில்லை. பாடலை எடுத்து வைக்கிறார். வாசகரே முடிவு செய்யட்டும் என்று விடுகிறார்.

என் டியூஷன் வகுப்பில் ஒருமுறை ஊடல் என்பதற்கு ஆங்கிலம் கேட்டேன். கோபம், சண்டை, பொய்க்கோபம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அகராதியில் தேடி சல்க் என்றான் ஒருவன். அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. அன்பு அதில் இல்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், சார், மெராஜுக் என்றாளே பார்க்கலாம்! மலாயில் மெராஜுக் என்றால் நெருங்கியவரிடம் மட்டும் காட்டும் பிணக்கு. எதிரில் இருப்பவர் வந்து பூஜுக், அதாவது சமாதானம் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதோடு வரும். ஊடலும் ஊடல் தீர்த்தலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் கிடைக்காத சொல் பக்கத்து வீட்டில் இருந்தது. எட்டு ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்த அடிகளாருக்கு இது காதில் விழுந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை அமைத்தார். அதையடுத்த ஆண்டுகளில் மலாயா, ஜப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றிச் சொற்பொழிவாற்றினார். போன இடமெல்லாம் ஒரே அனுபவம். இந்தியா என்றால் சமஸ்கிருதம் என்று படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். தமிழ் என்பதை ஒரு வட்டார வழக்கு என்ற அளவில் அறிந்திருந்தார்கள், அல்லது அதுவும் இல்லை. குற்றம் அவர்கள் பக்கம் மட்டும் இல்லையே? அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் நாம் எவ்வளவு எழுதி வைத்திருந்தோம்? போப்பையரைப் போன்ற வெளிநாட்டார் எழுதியதுதான் அதில் பெரும்பகுதி.

1952-இல் தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். பெயரில் தமிழ், மொழி ஆங்கிலம். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அது வந்தது. தமிழறிஞர்களும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்களும் ஒரே இதழில் எழுதினார்கள். அதே காலத்தில் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராகப் பணியாற்றினார். இடையில் லண்டன் சென்று பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அந்த வேளையில் தமிழ் கல்ச்சரில் மொழியுரிமை பற்றி அவர் எழுதியதும் ஆங்கிலத்தில்தான். தமிழருக்குத் தங்கள் உரிமையை யாரும் விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. இது எளிய கணக்கு. ஆனால் நம் கூட்டங்களில் இன்றும் பலருக்கு இது பிடிபடுவதில்லை; நம்மவர்களுக்கு நடுவிலேயே நின்று நம் குறையைத் தமிழில் முழங்கிவிட்டுக் கலைந்துவிடுகிறோம்.

இனி அந்த அகராதிக்கு வருகிறேன். 1954-இல் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் தேடித் திரிந்தார். லிஸ்பன் நகரில் 1554-இல் அச்சான கார்த்தில்யா என்ற சிறு நூலின் பிரதியைப் பார்த்துத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னார். தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருளும் போட்ட நூல் அது. வத்திக்கான் நூலகத்தில் 1586-ஆம் ஆண்டின் அடியார் வரலாறு கிடைத்தது. அங்கேயே, தமிழுலகம் ஏறக்குறைய மறந்துவிட்ட அந்தாம் தெ புரொயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியும் கிடைத்தது. கேரளத்து அம்பலக்காட்டில் 1679-இல் அச்சானது. தொகுத்த பாதிரியார் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1666-இல் இறந்துவிட்டார். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள்.

இதன் அருமை என்ன? நம் பழைய நிகண்டுகள் புலவருக்காக, பாட்டாக, மனப்பாடம் செய்வதற்காக எழுதப்பட்டவை. தெருவில் மீன் விற்பவரின் சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆனால் கப்பலில் வந்திறங்கிய ஒரு பாதிரியாருக்கு அந்தச் சொல்தான் முதலில் தேவை. பசிக்கிறது, எங்கே போகிறாய், எவ்வளவு விலை என்பவை தெரியாமல் அவர் ஒரு நாளும் தள்ள முடியாது. ஆகவே கற்றுக்கொள்ள வந்த அந்நியன் எழுதி வைக்கிற அகராதியில், உள்ளூர்ப் புலவன் எழுதத் தகாதது என்று விட்டுவிட்ட பேச்சு வழக்கு தங்கிவிடுகிறது. தமிழுக்குத் தமிழில் பொருள் சொல்லும் வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல்தான் வருகிறது. இது அதற்கு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் முந்தியது. முனிவரும் தமிழைக் கற்றுக்கொண்டவரே. உடன் குருமாருக்காக அவர் கொடுந்தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. மொழி கற்போருக்கான இலக்கணமும் அகராதியும் என்றால் நாம் கொஞ்சம் தாழ்வாக நினைக்கிறோம், ஏதோ பரீட்சைக் கையேடு போல. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழனின் பேச்சைக் கேட்க வேண்டுமானால் அந்தக் கையேடுகளைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

போர்த்துக்கீசியருக்கும் நமக்கும் உள்ள உறவு அகராதியோடு முடியவில்லை. சாவி, அலமாரி, மேசை, சன்னல், துவாலை, ஏலம் எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். இவற்றில் பல மலாயிலும் இருக்கின்றன: அல்மாரி, மேஜா, ஜெண்டெலா, துவாலா. கிள்ளானில் கடைக்காரர் லெலோங் லெலோங் என்று கூவும்போது நம் ஏலத்தின் கூடப்பிறந்த சொல்லைத்தான் கூவுகிறார். நாமும் மலாய்க்குக் கொடுத்திருக்கிறோம்: கப்பல், கடை, கட்டில், பெட்டி. சுருட்டு மலாயில் செருத்து, ஆங்கிலத்தில் செரூட். எந்த மொழியும் கதவைத் தாழிட்டுக்கொண்டு வளரவில்லை. தூய தமிழ் பேசுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன் என்பதல்ல. அலமாரியையும் சாவியையும் தூக்கி எறிந்துவிட்டுத் துணியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பேன், அவ்வளவுதான்.

1961-இல் அடிகளார் கோலாலம்பூருக்கு வந்தார், இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக. அந்தத் துறையில் தமிழ் தானாக வந்து அமர்ந்துவிடவில்லை. பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களிலேயே இந்திய மொழி என்றால் எது என்ற வாக்குவாதம் எழுந்தது. சமஸ்கிருதத்துக்கு முதலிடம் என்ற கருத்தும் வந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுந்து, தமிழ் எங்கள் உயிர் என்ற நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளிகளும் நகரசுத்தித் தொழிலாளிகளும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் நிமிர்ந்த துறைக்கு, கிராணிகளின் ஊரிலிருந்து வந்த ஒருவர் தலைவரானார். இதில் ஏதோ ஒரு பழைய கணக்கு நேர்செய்யப்பட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் அப்படி நினைத்தாரோ என்னவோ, என் பாட்டனார் இருந்திருந்தால் நினைத்திருப்பார்.

1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, வ.அய். சுப்பிரமணியம் முதலியோருடன் சேர்ந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை நிறுவினார். தலைவர் பிரெஞ்சு அறிஞர் ஜான் ஃபில்லியோசா. துணைத்தலைவர்களில் பரோவும் எமனோவும் இருந்தார்கள். திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை 1961-இல் வெளியிட்டவர்கள். செக் நாட்டு கமில் சுவலபில் அடிகளாரோடு செயலாளர். இத்தனை நாட்டாரை ஒரே மேசையில் உட்கார வைக்கப் பொதுமொழி வேண்டுமே! அதற்கு ஆங்கிலம்தான் கைகொடுத்தது. 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் முதல் மாநாடு. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். அவை இரண்டு தொகுதிகளாக இங்கிருந்தே வெளிவந்தன. அதே 1966-இல் தமிழாய்வு நூல்களின் பட்டியல் ஒன்றையும் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். புரொயென்சாவின் அகராதியும் அந்த ஆண்டுதான். மாநாட்டுக்கு வந்த அறிஞர் கையில் அகராதி, நூற்பட்டியல், இதழ் எல்லாம் இருந்தால்தான் ஊர் திரும்பிய பிறகும் வேலை நடக்கும். பொன்னாடையோடு அனுப்பிவைத்தால் மறுவாரம் மறந்துவிடுவார்.

இந்த வழிக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இது வெறும் புகழ்மாலையாகிவிடும். அவருடைய ஆழமான எழுத்துகள் ஆங்கிலத்தில் தங்கிவிட்டதால், யாருடைய காசில் துறை எழுந்ததோ அவர்கள் அவற்றைப் படிக்க முடியவில்லை. தமிழ்த்தூது, ஒன்றே உலகம் ஆகிய தமிழ் நூல்களை அவர் எழுதினார். ஒன்றே உலகம் பயணநூல், நடையும் இனிமையானது. ஆனால் ஆய்வில் அவர் நிற்பது ஆங்கில நூல்களில்தான். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் வழியில் படித்து, மூவெட் தேர்வுக்கு நடுங்கும் இன்றைய மாணவருக்கு அவை இரட்டிப்புத் தூரம். மொழிபெயர்த்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். செய்யட்டும், நல்லதே. எனக்கு அதைவிட, என் மாணவர்கள் மூலத்தையே படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசை. தமிழைப் பற்றிப் பிறர் ஆங்கிலத்தில் எழுதும் பிழையைத் திருத்தவும் அது வேண்டும்.

சொல்லப்போனால் அடிகளாரின் கட்டுரைப் பக்கங்களை நான் இலக்கண வகுப்பிலேயே பயன்படுத்துகிறேன். தமிழில் இல்லாத தி என்னும் சிறு சொல்லை எங்கே போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதற்கு அவருடைய பத்திகள் நல்ல பயிற்சி. திராவிட மொழி பேசி வளர்ந்த ஒருவர் அதை இவ்வளவு துல்லியமாகக் கையாண்டிருக்கிறார் என்று காட்டும்போது பிள்ளைகளுக்குத் தைரியம் வருகிறது. ஒரு மாணவி அவரைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதிவந்தாள். முதல் வரியில் ஹி என்று ஒருமையில் தொடங்கியவள், இரண்டாம் வரியிலிருந்து தே என்று பன்மைக்கு மாறிவிட்டாள். சாமியாரை ஒருமையில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை! தமிழ் மரியாதை ஆங்கில இலக்கணத்துக்குள் நுழைந்துவிட்டது. சிவப்பு மையால் திருத்தினேன். திருத்தும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

1969-இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டுப் புறப்பட்டார். நாட்டின் கல்வி ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறத் தொடங்கிய காலம் அது. மாநாடுகள் தொடர்ந்தன: 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம். சொந்த ஊரில் நடந்த அந்த நான்காம் மாநாடு துயரத்தில் முடிந்தது. ஜனவரி 10-ஆம் நாள் நிறைவுக் கூட்டத்தில் காவல்துறை புகுந்ததை அடுத்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். மாநாடு மீண்டும் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் கோலாலம்பூருக்கு வந்தது. அவற்றைப் பார்க்க அவர் இல்லை. 1980 செப்டம்பர் 1-ஆம் நாள், அறுபத்தேழாம் வயதில், யாழ்ப்பாண மண்ணிலேயே காலமானார்.

அகராதியின் மூலப்பிரதி வத்திக்கானில் இருக்கிறது. ஆய்வாளர்கள் பயன்படுத்தி வந்ததோ நம் பல்கலைக்கழகப் பதிப்பை. பதினேழாம் நூற்றாண்டின் தமிழ்ச் சொல் ஒன்றைப் பற்றி ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒருவர் எழுதி, புரொயென்சாவை அந்தப் பதிப்பின் வழியே சான்று காட்டினால், அடிக்குறிப்பில் பதிப்பித்த ஊரின் பெயராகக் கோலாலம்பூர் என்றும், ஆண்டாக 1966 என்றும் எழுதுகிறார்.